ஆயா வீட்டு பாண்டி! - ‘பார்க்க வேண்டிய 10 இடங்க’ளில் இல்லாத குருசுக்குப்பத்திலிருந்து ஒரு நடை

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வாரக்கடைசி நெருங்கினாலே தவறாமல் ஒரு கட்டுரை ஏறும். ‘பாண்டியில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்.’ நானே அதை மூன்று முறை எழுதியிருக்கிறேன். காந்தி சிலை, மஞ்சள் சுவர், பாரடைஸ் பீச், ஆரோவில், இரண்டு காபி கடை. படங்களை மாற்றிப் போட்டால் போதும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் க்ளிக் விழும்.

மூன்றாவது முறை எழுதியபோது அம்மா அதைத் தன் போனில் படித்துவிட்டுக் கேட்டார். “பத்து இடம் போட்டிருக்கியே... நம்ம ஊரு எங்கடி?”

நம்ம ஊர் என்றால் குருசுக்குப்பம். என் ஆயாவின் ஊர். காந்தி சிலையிலிருந்து வடக்கே பதினைந்து, இருபது நிமிடம் நடந்தால் வந்துவிடும். ஆனால், சுற்றுலா வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பதினைந்து நிமிடத்தை நடப்பதில்லை. தலைமைச் செயலகம் தாண்டி, பழைய சாராய ஆலைப் பக்கம் வந்ததுமே ‘அவ்ளோதான் பீச்’ என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூகுள் மேப் வைத்திருக்கும் நானே பத்து இடத்தில் அதைச் சேர்க்கவில்லையே!

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, கேமராவை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குக் கிளம்பினேன்.

மரக்காணம் வந்தா மனசு வந்துடும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்தில், இடதுபக்க ஜன்னல் சீட் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மரக்காணம் உப்பளங்கள் வரும்போது வெயிலில் பாத்தி பாத்தியாகக் கண் கூசும். சின்ன வயதில் அந்த உப்புக் குவியலைப் பார்த்தவுடன் செருப்பை மாட்டத் தொடங்கிவிடுவேன். ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடி’ என்று அம்மா அதட்டுவார். காலாப்பட்டு, கோட்டக்குப்பம் தாண்டினால் ஊர் வந்துவிட்டது.

சிவாஜி சிலை அருகே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு. பாரதி ‘குயில் பாட்டு’ எழுதிய குயில் தோப்பு இந்த முத்தியால்பேட்டைப் பக்கம்தான். 1908-ல் ஆங்கிலேய போலீஸிடமிருந்து தப்பி பிரெஞ்சு மண்ணுக்கு வந்த பாரதி, 1918 வரை பத்தாண்டுகள் இங்கே இருந்தார். ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’ இரண்டும் இந்த ஊரின் கொடை. 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு.ஐயர் வந்தார். யாருக்கெல்லாம் வேறெங்கும் இடமில்லையோ அவர்களுக்கெல்லாம் பாண்டியில் ஒரு திண்ணை இருந்தது.

மணிக்கூண்டிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து நடந்து, சோலை நகர், வைத்திக்குப்பம் என்று தெற்கே இறங்கினால் குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை. போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். தெருவுக்குள் நுழைந்தால் மாரியம்மனும் இருப்பார், மாதா படமும் இருக்கும். யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள்.

ஆயா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். வயது 74. கூடையில் மீன் சுமந்து ஊருக்குள் வீடு வீடாக விற்ற தலைமுறை. என்னைப் பார்த்ததும் வழக்கமான வரவேற்பு.

“இன்னாடி, இப்படி எளைச்சிக் கெடக்க? மெட்ராஸ்ல சோறு போடலியா?”

கல் வந்தது, மணல் போனது

ஆயா வீட்டிலிருந்து கடலுக்கு நூறடி இருக்கும். அலைச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். ஆனால், கடற்கரை கிடையாது. தெருமுனையில் கருங்கல் பாறைகள் குவிந்திருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் கடல். நடுவில் கால் வைக்க மணல் இல்லை.

“நான் கண்ணாலம் கட்டி வந்தப்ப இங்கிருந்து தண்ணிக்குப் போகணும்னா கால் சுடும். அவ்ளோ மணலு” என்பார் ஆயா. அந்த மணலில்தான் கட்டுமரங்களை ஏற்றி வைப்பார்களாம். அங்கேதான் கருவாடு காயும். அங்கேதான் பெரிய வலை இழுப்பார்கள். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, ‘ஏலேலோ’ போட்டு இழுக்கும் வலை அது. கரை இருந்தால்தானே கரையில் நின்று இழுக்க முடியும்? மணலோடு அந்த வலையும் போய்விட்டது.

மணல் எங்கே போனது?

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் பிற்பகுதியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கப்பல் வந்து போக வேண்டும் என்பதற்காகக் கடலுக்குள் கல்லால் இரண்டு நீண்ட அலைத் தடுப்புச் சுவர்கள். அந்த மணல் ஆற்றுக்கு அது அணை போட்டதுபோல ஆயிற்று. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. சேரும் மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும், அது தொடர்ந்து நடக்கவில்லை.

வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் ஊர் தப்பித்தது. ஆனால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல். அப்புறம் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் போய்விட்டது. ஒரு வீட்டில் கட்டிய சுவர் அடுத்த வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பிய கதை.

கரை இல்லாததால், எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இப்போது படகைத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் கடல். வேலைக்குப் போக மட்டும் ஊரின் மறுகோடிக்கு வண்டி. பெட்ரோல் செலவையும் மீன் விலையில்தான் ஏற்ற வேண்டும்.

விழுந்து எழுவது இந்த ஊருக்குப் புதிதல்ல

மாலையில் ஆயாவிடம் சொல்லிக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தேன். படேல் சாலையைத் தாண்டினால் பழைய நகரம். நேர்நேரான தெருக்கள். ஓரத்தில் நீலப் பலகையில் பிரெஞ்சும் தமிழும். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்.

பார்ப்பதற்கு அப்படியே இருநூறு, முந்நூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது உண்மையில்லை. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய ஊர் இது. 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்து, ஆறு ஆண்டுகள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் ரீல்ஸ் எடுக்கும் தெருக்கள், அந்த இடிபாட்டின் மேல் திரும்பக் கட்டப்பட்டவை. அந்தக் காலத்து அன்றாடத்தை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அதை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று நாவல்கள் எழுதிய பிரபஞ்சனும் இந்த ஊர்க்காரரே.

விழுவது நின்றுவிடவும் இல்லை. கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற ‘மேரி’ கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையின் பிறப்புச் சான்றிதழும் ‘மேரியில வாங்கினது’தான். உலக வங்கி உதவியுடன் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்று அதன் முன்னால் நின்று படம் எடுக்கும் பலருக்கு அது புதுக் கட்டடம் என்பதே தெரியாது.

ஆனால், எல்லாமே திரும்பி எழவில்லை. தமிழ்ப் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த எத்தனையோ வீடுகள், பாகம் பிரிக்க முடியாமலும் பராமரிக்க முடியாமலும் இடிந்து போயின. சேர்த்துச் சீரமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வைசியாள் வீதி சாட்சி. அந்தத் தெருவைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பர்ய விருது கிடைத்தது. அடுத்த முறை மஞ்சள் சுவரை முடித்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கமும் ஒரு நடை போங்கள்.

ஆலைகளின் கதை இன்னும் வலி. ‘ரோடியர் மில்’ என்று மக்கள் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை 1898-ல் தொடங்கியது. மில் சங்கு ஊதினால்தான் ஊரில் அடுப்பு பற்றும் என்பார் ஆயா. 1936 ஜூலை 30 அன்று, சவானா மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் எட்டு மணி நேர வேலைச் சட்டம் இங்கே வந்தது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் ஏ.எஃப்.டி. ஆலையின் கூரையைப் பிய்த்தது. 2020-ல் ஆலை அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பாண்டி பேருந்தில் டூரிஸ்ட் மட்டும் வருவதில்லை.

திரும்பி வந்த மணல்

கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. ஆறு மணிக்கு மேல் இங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தாத்தாக்கள் கைகளை வீசி நடக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சுண்டல் வாசனை. காந்தி சிலையைச் சுற்றி, பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள். பக்கத்தில் 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த ஊருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

என் பள்ளி விடுமுறைகளில் இந்தச் சாலையின் ஓரத்தில் கல் மட்டும்தான். பாறைமேல் உட்கார்ந்து, அலை தெறிப்பதை வாங்கிக்கொள்வோம். இப்போது அதே இடத்தில், தலைமைச் செயலகம் தொடங்கி காந்தி சிலை வரை, மணல் இருக்கிறது. பிள்ளைகள் மணல் வீடு கட்டுகிறார்கள்.

இதுவும் தானாக நடக்கவில்லை. பாண்டிகேன் போன்ற மக்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் ‘கல் தீர்வல்ல, மணலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருந்தன. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு வழி சொன்னது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கட்டமைப்பை 2018-ல் இறக்கினார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அலையின் வேகத்தை அது உடைக்கும். வேகம் குறைந்த தண்ணீர், சுமந்துவந்த மணலை அங்கேயே இறக்கிவிடும். அடுத்த சில மாதங்களில், முப்பது ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அதைப் பார்க்கும்போது சந்தோஷம்தான். கூடவே ஒரு சின்ன முள். மணல் திரும்பி வந்தது, டூரிஸ்ட் நடக்கும் இடத்துக்கு. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் குருசுக்குப்பத்தின் வாசலில் இன்னும் பெரும்பாலும் கல்தான்.

பெரிய மார்க்கெட், யானை, முருகன்

ஞாயிறு காலை ஆயாவோடு பெரிய மார்க்கெட். பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. மீன் பகுதியில் ஆயாவுக்குத் தெரியாத பெண்கள் இல்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். இங்கே வந்து பார்த்தால் காரணம் புரியும். இடம் என்றால் சிமென்ட் மேடை மட்டுமா? பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதானே!

மசாலா கடையில் வடகம் வாங்கினோம். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து இடித்து உருட்டிக் காயவைக்கும் நம் வீட்டுத் தாளிப்பு வடகம், பாண்டியிலிருந்து கப்பலேறி, ‘வடுவான்’ என்ற பெயரில் பிரெஞ்சு சமையல்காரர்களின் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. ஆயாவிடம் சொன்னேன். “கப்பல்ல போனா இன்னா, கொழம்புலதான போடணும்” என்றார்.

வெளியே வந்தால் காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். இருநூறு ரூபாய்க்குச் சட்டை, பழைய புத்தகம், ஸ்டீல் டப்பா. அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயில். வாசலுக்கு வந்ததும் ஆயா ஒரு நிமிடம் நின்றார். யானை லட்சுமி நின்ற இடம். 2022 நவம்பர் 30 காலை, வழக்கமான நடைப்பயிற்சிக்குப் போன லட்சுமி தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்தது. அன்று ஊரே தெருவுக்கு வந்து அழுதது. ஒரு யானைக்காக அப்படி அழுத ஊர், மனிதர்களை விட்டுவிடுமா என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் மாசி மகம். எங்களுக்குப் பக்கத்து ஊரான வைத்திக்குப்பத்தில்தான் தீர்த்தவாரி. மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டார சாமிகள் கடலாட வருவார்கள். வழியில் கோட்டக்குப்பத்தில் மயிலம் முருகனுக்கு இஸ்லாமியர்கள் வரவேற்பு கொடுப்பது வழக்கம். கரை சுருங்கிவிட்டது, கூட்டம் சுருங்கவில்லை. இருக்கும் இடத்தில் சாமியும் மனிதரும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஊரின் பல பகுதிகள் இடுப்பளவு தண்ணீரில். போன் போட்டால் ஆயா எடுக்கவில்லை. மறுநாள் மதியம்தான் பேசினார். “பக்கத்துத் தெரு பசங்க தூக்கினு போயி மாடி வூட்ல வச்சாங்க. காபி கூடக் குடுத்தாங்க. நீ சாப்ட்டியா?”

ஆயா மிதித்த மணல்

கிளம்புவதற்கு முன், ஞாயிறு மாலை, ஆயாவை ஆட்டோவில் ஏற்றிக் காந்தி சிலைக்கு அழைத்துப்போனேன். இவ்வளவு அருகில் இருந்தும் அவர் அங்கே வந்து பல வருடங்கள் ஆயிற்றாம். “அது டூர்காரங்க எடம், நமக்கு இன்னா வேலை” என்பார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புது மணலில் இறங்கினார். நாலு அடி நடந்தார். குனிந்து ஒரு பிடி எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே முகம்.

“நம்ம மணலுதான்” என்றார்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் போனைக் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, “ஆயா, இப்படிக் கூட்டம் வர்றது உனக்குக் கஷ்டமா இல்லியா?” என்று கேட்டேன்.

“வரட்டுமே... வந்தாதான நாலு பேருக்குப் பொழப்பு” என்றார். அப்புறம் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். “இங்க வந்த மணலு அங்கயும் வரும்னு எழுது. வரணும்னு எழுது. நீ பேப்பர்லதான இருக்க?”

பேப்பர் இல்லை, போனில் வரும் என்று விளக்கவில்லை. எழுதிவிட்டேன், ஆயா.

பாண்டிக்குப் போறீங்களா? ஆயா ஊர் சார்பாக ஐந்து வேண்டுகோள்

* சனி, ஞாயிறு வெள்ளை நகரத் தெருக்களில் கார் நகராது. முடிந்தால் வார நாளில் வாருங்கள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். எல்லாமே நடை தூரம்தான்.

* காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கி வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வரை நடந்து பாருங்கள். வலை பின்னுபவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

* பாறைகளின் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், நடுவில் இடுக்கு உண்டு. புது மணல் பகுதியிலும் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். நீரோட்டம் பலம்.

* பாரதி வாழ்ந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு, 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் மூன்றும் அரை நாளில் முடியும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

* மீன் வாங்கினால் மார்க்கெட்டில், கூடை வைத்திருக்கும் ஆயாக்களிடம் வாங்குங்கள். பேரம் பேசலாம். ஆனால், ஜெயிக்க முடியாது!